ஏறுபவருக்குச் சரிவராத குதிரை: என்ன விலை சொல்வது, யாருக்கு விற்பது?

கல்லடிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பில் குதிரை வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதால், நேரில் போய்க் கேட்க ஆளில்லாமல் இங்கே எழுதுகிறேன்.

சென்ற வருடம் நுவரெலியாவில் சித்திரைப் பந்தயங்கள் முடிந்த பின்னர், மலைநாட்டிலிருந்து ஒரு குதிரையை வாங்கி வந்தேன். முன்னர் பந்தயத்தில் ஓடியது, காயடித்த ஆண், செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. பெயர் முகில். வயது ஏழு என்று விற்றவர் சொன்னார். விலை 650,000 ரூபாய். என் மகளுக்குப் பதினாறு வயது. உறவினர் வீட்டில் நின்ற ஒரு வயதான பெண் குதிரையில் இரண்டு வருடமாகப் பள்ளி விடுமுறைகளில் சவாரி பழகியவள். நன்றாக ஏறுகிறாளே, அவளுக்கென்று ஒன்று இருக்கட்டும் என்று நினைத்துத்தான் வாங்கினேன்.

பத்து மாதங்களில் அவள் மூன்று முறை விழுந்துவிட்டாள். மூன்றாவது முறை, விடியற்காலையில் சவுக்கு மரங்களைத் தாண்டிக் கடற்கரை மணலில் இறங்கியதும் முகில் இழுத்துக்கொண்டு ஓடத் தொடங்கியது. திருப்பத்தில் அவள் விழுந்து காறை எலும்பு வெடித்தது. எலும்பு பொருந்திவிட்டது. இப்போதும் தினமும் குளிப்பாட்டுகிறாள், பிடரி மயிரைச் சீவிவிடுகிறாள். ஆனால் அங்கவடியில் கால் வைத்தவுடன் அவளுடைய முழங்கால் நடுங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு ஏறச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாதாரண தரப் பரீட்சையும் நெருங்குகிறது.

விற்பது என்று முடிவெடுத்துவிட்டோம். விலைதான் தெரியவில்லை. வாங்கிய விலை, லொறிக் கூலி 45,000, சேணமும் கடிவாளமும் 45,000, மாதம் 32,000 வீதம் பத்து மாதத் தீனியும் ஆள் கூலியும் என்று கூட்டினால் 1,060,000 ரூபாய் ஆகிறது. அதில் எவ்வளவைத் திருப்பி எடுக்கலாம்? மகள் விழுந்த கதையை வாங்க வருபவரிடம் எவ்வளவு சொல்ல வேண்டும்?

ஏறாவூர்லாயம் எழுதியது:

தம்பி, முதலில் பிள்ளையின் தோளைப் பற்றி எழுதியதை வாசித்து மனம் வருந்தியது. நான் பதினொரு வருடங்கள் வளைகுடா நாடொன்றில் குதிரை லாயத்தில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவன். பந்தயத்திலிருந்து ஒதுக்கப்பட்ட குதிரைகளைச் சவாரிக்குப் பழக்குவதுதான் அங்கே எனக்குத் தரப்பட்ட வேலை. ஆகையால் சற்று நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் கூட்டிய கணக்கில் லொறிக் கூலியும் தீனியும் குதிரையின் விலைக்குள் வரவே மாட்டா. அவை நீங்கள் குதிரை வைத்திருந்த பத்து மாதங்களுக்கான செலவு. அந்த மாதங்கள் கழிந்துவிட்டன. வாங்க வருபவர் உங்கள் செலவைப் பார்க்க மாட்டார், தான் ஏறினால் இது என்ன செய்யும் என்பதைத்தான் பார்ப்பார். அதனால் விலை சொல்வதற்கு முன்னர், இந்தக் குதிரை யாருக்குப் பொருந்தும் என்பதை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். பொருந்துகிற ஆளுக்கு அது பெறுமதியான குதிரை. பொருந்தாத ஆளுக்குச் சும்மா கொடுத்தாலும் நட்டம்தான்.

பந்தயக் குதிரைக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்குவது ஒன்றுதான்: ஏறியிருப்பவர் கடிவாள வாரை இறுக்கிப் பிடித்தால் அதில் சாய்ந்துகொண்டு வேகமெடுக்க வேண்டும். பயந்த பிள்ளை என்ன செய்யும்? வாரை இறுக்கும், விழாமலிருக்கக் கால்களால் வயிற்றை நெருக்கும், உடம்பை முன்னால் குனியும். இந்த மூன்றும் அந்தக் குதிரையின் மொழியில் "ஓடு" என்பதாகும். முகில் உங்கள் மகள் சொன்னதாகத் தான் விளங்கிக்கொண்டதைத்தான் செய்திருக்கிறது. அவள் மீதும் பிழையில்லை. அமைதியான கிழட்டுக் குதிரையில் பழகிய இரண்டு வருடம் இதற்குப் போதாது, அவ்வளவுதான்.

ஆனாலும் இதை நான் உறுதியாகச் சொல்வதற்கு முன்னர் ஒரு விடயம் தெரிய வேண்டும். வலியில் ஓடும் குதிரையும் இப்படித்தான் ஓடும். பல் கூராகி வாயைக் குத்தினாலும், சேணம் முதுகை அமுக்கினாலும், வயிற்றில் புண் இருந்தாலும் ஓடும். நோயுள்ள குதிரையை "வேகமான குதிரை" என்று விற்றால் அது பெரிய பாவம். கால்நடை வைத்தியர் ஒருவரைக் காட்டிவிட்டு எழுதுங்கள்.

வெல்லவெளியான் எழுதியது:

நான் குதிரை வியாபாரம் செய்ததில்லை; மாடும் எருமையும் இருபது வருடங்களாக வாங்கி விற்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், பிழையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டிக்கு வருகிறவர் தன் கண்ணால் பார்த்து, கையால் தடவி, நடக்கவிட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறார். கேட்டதற்குப் பொய் சொல்லக் கூடாது. ஆனால் கேட்காததையெல்லாம் நாமே எடுத்துச் சொன்னால் எந்தப் பிராணியும் விலைபோகாது. மகள் விழுந்தாள் என்று முதல் வார்த்தையிலேயே சொன்னால், வருகிறவர் அதைப் பிடித்துக்கொண்டே இரண்டு இலட்சம் குறைப்பார். அதன் பிறகு எவ்வளவு நல்ல குதிரை என்று சொன்னாலும் காதில் விழாது. அண்ணன் ஏற்கெனவே பெரிய நட்டத்தில் நிற்கிறார். 700,000 என்று தொடங்கி 600,000இல் நிற்கலாம் என்பது என் எண்ணம்.

படுவான்வைத்தியர் எழுதியது:

நான் அரச கால்நடை வைத்தியராகப் படுவான்கரையிலும் அம்பாறைப் பக்கமும் பணியாற்றி ஓய்வுபெற்றவன். என் கைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை மாடுகளும் ஆடுகளும்தான் என்றாலும், பேராதனையில் படித்த காலத்திலும் பின்னரும் குதிரைகளைப் பார்த்திருக்கிறேன். விலை பேசுவதற்கு முன்னர் நீங்களே வீட்டில் பார்க்கக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

நாடாவை எடுத்து, முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளவெடுங்கள். பின்னர் தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு முனை வரை நீளத்தை அளவெடுங்கள். சென்ரிமீற்றரில் நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் ஏறத்தாழ எடை கிலோகிராமில் வரும். ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான அளவு. உங்கள் மகளைப் பொறுத்தவரை இது சிக்கலாக இராது. வாங்க வருபவரைப் பொறுத்தவரை இருக்கலாம்.

சேணம் அமரும் தோள்மேட்டின் இருபுறமும் வெள்ளை மயிர் முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். இறுக்கமான சேணம் நீண்ட நாள் அமுக்கிய இடத்தில் மயிர் வெள்ளையாகத்தான் முளைக்கும். ஓய்வில் நிற்கும்போது நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை நாடி துடிக்க வேண்டும். உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 பாகை வரை இருக்கலாம்.

இனி, எனக்குக் கவலை தரும் கேள்வி: என்ன தீனி போடுகிறீர்கள்? நமது பகுதியில் மாட்டுக்குப் போடுவது போலக் குதிரைக்கும் நெல் தவிட்டையும் வைக்கோலையும் போட்டுவிடுகிறார்கள். தவிட்டில் பொஸ்பரசு மிக அதிகம், கல்சியம் மிகக் குறைவு. நீண்ட நாள் அதையே கொடுத்தால் குதிரை தன் எலும்பிலிருந்து கல்சியத்தை இழக்கும். முகம் வீங்குவதற்கு முன்னரே இடம் மாறும் நொண்டலும் எரிச்சலும் தொடங்கிவிடும். வைக்கோலை மட்டும் நம்பினால் குடல் அடைத்து வயிற்றுவலி வரும். நாள் முழுவதும் சிறிது சிறிதாக மேய வேண்டிய பிராணி அது. அதன் இரைப்பையில் அமிலம் ஓயாமல் சுரக்கும். வெறும் வயிற்றோடு நிற்க வைத்தால் புண் வரும். பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு அது வருகிறது.

கடைசியாக, மேல் உதட்டைத் தூக்கி, மேல் வரிசை வெட்டுப் பற்களில் ஓரத்துப் பல்லைப் பக்கவாட்டிலிருந்து படம் எடுத்து அனுப்புங்கள்.

கல்லடிக்கரை எழுதியது:

டொக்டர் ஐயா, சொன்னபடி எல்லாவற்றையும் செய்தேன். சுற்றளவு 183, நீளம் 160. கணக்கின்படி 451 கிலோ. நாடி 38. தோள்மேட்டில் இடது பக்கம் ஐந்து சத நாணயம் அளவுக்கு வெள்ளை மயிர் இருக்கிறது. அதை அழகு என்று நினைத்திருந்தோம். தீனியைப் பொறுத்தவரை நீங்கள் நினைத்தது சரிதான்: காலையும் மாலையும் தவிடு, பகலில் நேப்பியர் புல், இரவில் வைக்கோல். மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவன், அதையே செய்துவிட்டேன்.

உள்ளூர் வைத்தியர் ஒருவர் வந்து வாயைத் திறந்து பார்த்தார். மேல் கடைவாய்ப் பற்களின் வெளி ஓரம் கத்தி போலக் கூராகிக் கன்னத்தைக் கிழித்திருந்தது. அரத்தால் தேய்த்துச் சமப்படுத்தினார்.

ஓரத்துப் பல்லின் படத்தை இணைத்திருக்கிறேன். அந்தப் பல்லில் ஈறின் அடியிலிருந்து கபில நிறத்தில் ஒரு கோடு இறங்குகிறது. அரிசி நீளம் இருக்கும். வைத்தியர் அதைக் கண்டதும் என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்களிடம் எத்தனை வயது என்று சொன்னார்கள்?" என்று கேட்டார்.

படுவான்வைத்தியர் எழுதியது:

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தக் கோடு ஏறக்குறையப் பத்து வயதில் ஈறின் ஓரத்தில் தோன்றும். பதினைந்தில் பல்லின் பாதியை எட்டும். இருபதில் அடி முதல் நுனி வரை நிற்கும். பல்லைக் கொண்டு வயதைத் துல்லியமாகச் சொல்ல முடியாது, ஓரிரு வருடம் முன்பின் ஆகலாம். ஆனாலும் ஏழு வயதுக் குதிரையில் இந்தக் கோடு இவ்வளவு நீளத்துக்கு இறங்கியிருக்காது. முகிலுக்குப் பதினொன்று அல்லது பன்னிரண்டு இருக்கும் என்பது என் கணிப்பு. பிறப்புப் பத்திரமோ பந்தயப் பதிவோ உங்களிடம் தரப்பட்டதா? தரப்படவில்லை என்றால், நீங்கள் வாங்கும்போதே 650,000 ரூபாய் அதிக விலைதான் என்று சொல்ல வருத்தமாக இருக்கிறது.

பன்னிரண்டு வயது குதிரைக்கு முதுமையல்ல. நல்ல பராமரிப்பில் இருபதுக்கு மேலும் சவாரிக்கு நிற்கும் குதிரைகள் உண்டு. தவிட்டை ஒரேயடியாக நிறுத்தாமல் இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து, உலர் புல்லைக் கூட்டுங்கள். உப்புக்கட்டி ஒன்றை எப்போதும் நாக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

வெல்லவெளியான் எழுதியது:

அண்ணன், உங்களிடம் ஏழு என்று சொல்லித்தான் விற்றார்கள். நீங்களும் "ஏழு என்று சொல்லி வாங்கினேன்" என்றுதான் சொல்லப்போகிறீர்கள்; அதில் பொய் எங்கே இருக்கிறது? ஒருவர் செய்த ஏமாற்றுக்கு நீங்கள் ஏன் உங்கள் பிள்ளைகளின் பணத்திலிருந்து ஈடு கட்ட வேண்டும்?

அக்கரைமகள் எழுதியது:

வெல்லவெளி அண்ணன் சொன்னதில் உள்ள ஆதங்கம் எனக்கு விளங்குகிறது. ஆயினும் அதை ஏற்க முடியவில்லை. நான் அக்கரைப்பற்றில் சட்டத்தரணியாகத் தொழில் செய்கிறேன். நம் நாட்டில் பொருள் விற்பனைக்கு இன்னும் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்தான் நடைமுறையில் உள்ளது. வாங்குபவர்தான் விழிப்பாக இருக்க வேண்டும் என்பது அதன் பொதுவான போக்கு. வியாபாரியல்லாத ஒருவர் தன் குதிரையை விற்கும்போது, கேட்கப்படாத குறையைச் சொல்லாமல் விடுவது வேறு. ஏழு அல்ல என்று தெரிந்துகொண்டே கேட்பவரின் மனத்தில் ஏழு என்பதைப் பதிய வைப்பது வேறு. பல்லைப் பார்த்த வைத்தியரும் இந்த இழையும் சாட்சியாக இருக்கும்போது "எனக்கு அப்படித்தான் சொன்னார்கள்" என்பது உண்மையான விடையாகாது.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். ஏழு வயது என்ற அந்த ஒற்றை வார்த்தைதான் உங்களை அதிக விலை கொடுக்க வைத்தது. அதே வார்த்தையை இன்னொரு தகப்பனிடம் நீங்கள் சொல்வதா? எழுத்தில் ஒரு விற்பனைக் கடிதம் எழுதி, தெரிந்த குறைகள் அனைத்தையும் அதிலே குறித்து, இருவரும் ஒப்பமிடுங்கள். அது வாங்குபவரைப் பாதுகாப்பதைவிட உங்களைத்தான் அதிகம் பாதுகாக்கும்.

தாண்டவன்வெளி எழுதியது:

சுழி பார்த்தீர்களா? எங்கள் அம்மப்பா குதிரை வண்டி வைத்திருந்த காலத்தில் சுழி பார்க்காமல் எதையும் வாங்க மாட்டாராம். நெற்றியில் இரட்டைச் சுழி இருந்தால் ஏறியவரை வீழ்த்தும் என்பார்கள். அப்படி இருந்தால் விலையும் இறங்கும். இன்னொரு யோசனை: இதை விற்றுவிட்டு நெடுந்தீவிலிருந்து ஒரு மட்டக் குதிரையைக் கொண்டுவந்தால் பிள்ளைக்கு உயரமும் அளவாக இருக்குமே.

ஏறாவூர்லாயம் எழுதியது:

மகன், சுழி கருவிலேயே அமைந்துவிடுகிறது, சாகும்வரை மாறாது. அதனால்தான் வெளிநாடுகளில் குதிரையின் அடையாளப் பத்திரத்தில் சுழி இருக்கும் இடங்களை வரைந்து வைக்கிறார்கள். நம்முடைய கைவிரல் ரேகை போல. அடையாளத்துக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. வீழ்த்துவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் சுழி நம்புகிற ஒருவர் வாங்க வந்தால் அவரோடு வாதாட வேண்டாம். அவருக்கு விற்கவும் வேண்டாம். நெடுந்தீவுக் குதிரைகளைத் தீவுக்கு வெளியே கொண்டுசெல்ல அனுமதி இல்லை. அவை அங்கேயே நிற்கட்டும்.

கல்லடித் தம்பி, பல் தேய்த்து, தவிடு குறைந்து மூன்று வாரம் ஆகட்டும். நான் வந்து ஏறிப் பார்க்கிறேன்.

ஏறாவூர்லாயம் எழுதியது:

மூன்று வாரத்தின் பின்னர், நேற்றுச் சுபஹுத் தொழுகை முடித்துக் கல்லடிக்குப் போனேன். பார்த்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

பிடிக்கும்போது ஓடவில்லை. சேணம் கட்டும்போது காதைப் பின்னால் மடித்தது. நடுவில் இறுக்கமான சேணம், அதை நான் கழற்றி வைத்துவிட்டு என்னுடையதைப் போட்டேன், காது முன்னால் வந்தது. ஆகவே தம்பி, அந்தச் சேணத்தைக் குதிரையோடு சேர்த்து விற்காதீர்கள். வீதியில் முச்சக்கரவண்டி ஒலி எழுப்பிக்கொண்டு உரசிப் போனபோதும் நின்ற இடத்திலேயே நின்றது. அது பெரிய குணம், விளம்பரத்தில் எழுத வேண்டும். நடையிலும் ஓட்டநடையிலும் கை தளர்த்தி இருந்தால் ஆட்டுக்குட்டி மாதிரி. கடற்கரைத் திறந்த வெளியில் பாய்ச்சலுக்கு விட்டதும் தலையை நீட்டி இழுத்தது. நான் வாரை இறுக்காமல், பின்னால் சாய்ந்து அமர்ந்து, பெரிய வட்டமாகத் திருப்பினேன். மூன்றாம் வட்டத்தில் மூச்சை விட்டுத் தலையைத் தாழ்த்தியது. எனக்கு 68 கிலோ எடை, முப்பது வருடப் பழக்கம். அப்படியிருந்தும் முதல் வட்டத்தில் என் கைகள் வலித்தன. பதினாறு வயதுப் பிள்ளைக்கு இது ஆகாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வலி போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

இனி விலை. கிழக்கில் குதிரைக்கென்று சந்தை இல்லை, ஆகவே ஒப்பிட ஆளும் இல்லை. வாங்கக்கூடியவர்கள் மலைநாட்டிலோ கொழும்புப் பக்கமோ இருப்பார்கள். அவர்கள் லொறிக் கூலியைத் தங்கள் விலையிலிருந்துதான் கழிப்பார்கள். வயது பதினொன்றுக்கு மேல், பத்திரம் இல்லை, அனுபவசாலி மட்டுமே ஏறலாம்: இந்த மூன்றும் விலையை இறக்கும். கால்கள் சுத்தம், காயடித்தது, வீதிச் சத்தத்துக்கு அஞ்சாது, லொறியில் தானாக ஏறும்: இவை ஏற்றும். நான் சந்தித்திருக்கும் குதிரைகளை வைத்துப் பார்த்தால் 475,000 என்று கேட்டு, 375,000க்குக் கீழே போகாமல் நிற்கலாம். 700,000 என்று கேட்டுக்கொண்டு ஐந்து மாதம் காத்திருந்தால், மாதம் 32,000 வீதம் 160,000 ரூபாய் குதிரையின் வாய்க்குள் போய்விடும். உலர் புல்லாகக் கணக்கிட்டால் அதன் எடையில் நூற்றுக்கு இரண்டு, அதாவது நாளுக்கு ஒன்பது கிலோ வேண்டும். பச்சைப் புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர்தான், ஆகவே அது 45 கிலோ. ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் அந்தப் புல்லை எங்கே உலர்த்துவீர்கள்? சேற்றில் நின்று குளம்பும் அழுகும். புரட்டாசிக்குள் விற்றுவிடுவதே புத்தி.

விளம்பரத்தை இப்படி எழுதலாம்:

"விற்பனைக்கு: முன்னாள் பந்தயக் குதிரை, காயடித்த ஆண், செம்பழுப்பு, உயரம் 160 சென்ரிமீற்றர், எடை சுமார் 450 கிலோ. ஏழு வயது என்று வாங்கப்பட்டது. பல்லைப் பார்த்த வைத்தியர்களின் கணிப்பு பதினொன்று முதல் பன்னிரண்டு. பத்திரங்கள் இல்லை. வீதியிலும் லொறியிலும் அமைதி. திறந்த வெளியில் வேகமெடுக்கும். வாரை இறுக்கினால் மேலும் வேகமெடுக்கும். எங்கள் பதினாறு வயது மகள் மூன்று முறை விழுந்திருக்கிறாள். சிறுவர்களுக்கோ, புதிதாகப் பழகுபவர்களுக்கோ, வாடகைச் சவாரிக்கோ கொடுக்கப்பட மாட்டாது. வைத்தியரைக் கொண்டு பரிசோதிக்கலாம். 475,000 ரூபாய்."

காணொளி எடுத்தால் வெட்டாமல் ஒட்டாமல் எடுங்கள். இழுத்து ஓடுகிற இடமும் அதில் இருக்க வேண்டும். வாங்குபவர் வருவதற்கு முன்னர் குதிரையை ஓட்டிக் களைக்க வைக்கவும் வேண்டாம். வாங்க வருபவரே உங்களை முதலில் ஏறச் சொன்னால் கோபப்பட வேண்டாம், அது விபரம் தெரிந்தவரின் அடையாளம். நீங்கள் ஏறுவதில்லை என்பதால் அந்த நாளில் நான் வருகிறேன்.

கல்லடிக்கரை எழுதியது:

ஏறாவூர்க் காக்கா சொன்னபடியே எழுதிப் போட்டேன். மகள்தான் தட்டச்சுச் செய்தாள். "மூன்று முறை விழுந்திருக்கிறாள்" என்ற வரியை நான் எடுத்துவிடவா என்று கேட்டதற்கு, "இருக்கட்டும் அப்பா, அது முகிலின் பிழையல்ல என்றுதானே காக்கா எழுதியிருக்கிறார்" என்றாள்.

பத்து நாட்களில் இரண்டு பேர் உறுதியாகக் கேட்கிறார்கள். ஒருவர் பாசிக்குடாவில் உல்லாசப் பயணிகளை ஏற்றிக் கடற்கரையில் சவாரி விடப்போகிறாராம். 550,000 தருவதாக, கேட்டதைவிட அதிகமாகவே, சொல்கிறார். "வாடகைச் சவாரிக்கு இல்லை" என்ற வரியைக் காட்டினேன். கயிற்றில் பிடித்துத்தான் கூட்டிப்போவோம், பயமில்லை என்கிறார். மற்றவர் பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை செய்பவர். இளமையில் பந்தயக் குதிரைகளுக்குப் பயிற்சி கொடுத்தவர். பத்திரமில்லாததாலும் லொறிக் கூலியாலும் 380,000க்கு மேல் முடியாது என்கிறார். 170,000 ரூபாய் வித்தியாசம். உண்மையைச் சொன்னால், இரண்டு இரவுகளாகத் தூக்கமில்லை.

ஏறாவூர்லாயம் எழுதியது:

கயிற்றைப் பிடிப்பவர் 60 கிலோ இருப்பார். குதிரை 450 கிலோ. அது முன்னர் ஓடிய அதே மாதிரி மணல், அதே மாதிரி அலைச் சத்தம். மேலே இருப்பவர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் குதிரை ஏறிய ஒரு பயணி. பயந்தால் அவரும் கால்களை நெருக்குவார், கடிவாள வாரைப் பிடித்து இழுப்பார். உங்கள் மகளாவது இரண்டு வருடம் பழகியவள், தம்பி.

வெல்லவெளியான் எழுதியது:

அண்ணன், விலையை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று இத்தனை நாளும் எழுதியவன் நான்தான். நேற்று இரவு இதை வாசித்துவிட்டு என் தொழிலில் ஒன்றை நினைத்தேன். முட்டுகிற மாடு என்று தெரிந்தால், அதை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் விற்றிருக்கிறேன், பட்டிக்காரனுக்கு விற்றிருக்கிறேன். ஆனால் வீட்டில் சின்னப்பிள்ளைகள் பிடித்துக் கட்டுகிற குடும்பம் வந்து அதிக விலை கேட்டபோது கொடுக்கவில்லை. அதற்கு முன்னர் ஒருமுறை அப்படிக் கொடுத்துவிட்டு, அடுத்த சந்தைக்கு அந்த மனிதர் வருவாரா என்று ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருந்த அனுபவமும் எனக்கு உண்டு. அவர் வந்தார், பிள்ளைக்கு ஒன்றுமில்லை; ஆனாலும் அந்த ஒரு மாதத்தை மறக்கவில்லை. பாசிக்குடாவுக்குக் கொடுக்காதீர்கள். பண்டாரவளைக்காரரிடம் இன்னும் 20,000 கேட்டுப் பாருங்கள். அதைக் கேட்பதில் தப்பில்லை.

கல்லடிக்கரை எழுதியது:

கேட்டேன், கிடைத்தது. 400,000 ரூபாய்க்கு முடிந்தது.

அவர் பதுளையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து, காலை ஆறு மணிக்கு வீட்டு வாசலில் நின்றார். தேநீர்கூடக் குடிக்காமல் முதலில் முகிலுக்குப் பின்னால் சுவரோரம் பத்து நிமிடம் பேசாமல் நின்றார். எந்தக் காலில் பாரத்தை மாற்றுகிறது என்று பார்த்தாராம். நான்கு குளம்பையும் தூக்கிப் பார்த்தார். உதட்டைத் தூக்கி ஓரத்துப் பல்லைப் பார்த்து, "பன்னிரண்டு" என்றார். ஏறாவூர்க் காக்கா முதலில் ஏறிக் காட்டினார். பின்னர் அவர் ஏறினார். மணலில் இறங்கியதும் முகில் வழக்கம்போல இழுத்தது. அவர் கைகள் இரண்டையும் பிடரியின் மேல் வைத்து வாரை இன்னும் தளர்த்திவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். முகில் நாற்பது முழம் ஓடியிருக்கும். பிடித்திழுக்க எதுவுமில்லாமல் தானாகவே வேகம் குறைந்து நடைக்கு வந்தது. "நான் இறுக்கியிருக்கக் கூடாது, இல்லையா?" என்று மகள் கேட்டாள். அவர் இறங்கி வந்து, "இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒன்பது வருடம் பிடித்தது, மகள்" என்றார்.

அக்கரைமகள் தங்கச்சி சொன்னபடி கடிதம் எழுதி, வயது, பத்திரமின்மை, மூன்று விழுகை, தோள்மேட்டு வெள்ளை மயிர், கூரான பல் தேய்த்த திகதி எல்லாவற்றையும் குறித்து இருவரும் ஒப்பமிட்டோம். பதினான்கு நாட்களுக்குள் நொண்டல் ஏதும் தெரிந்தால் அவர் திருப்பி அனுப்பலாம், லொறிக் கூலியைப் பாதிப் பாதியாகக் கொடுப்பது என்றும் சேர்த்தோம். சேணத்தை விற்கவில்லை. பாசிக்குடாக்காரருக்குத் தொலைபேசியில் சொன்னேன், அவருக்குக் கோபம்தான்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கு லொறி செங்கலடிச் சந்தியால் திரும்பி மகா ஓயா, பிபிலை வழியாகப் போனது. இடம் மாறினால் குதிரை புதிய தண்ணீரைக் குடிக்க மறுக்கும் என்று காக்கா சொல்லியிருந்ததால், மகள் மூன்று நாளாகவே வாளித் தண்ணீரில் ஒரு பிடி சர்க்கரை கரைத்துப் பழக்கினாள். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் உவர்ப்புக் கொஞ்சம் உண்டு. இரண்டு கலன்களில் அந்தத் தண்ணீரையும், ஒரு பொதி சர்க்கரையையும் லொறியில் ஏற்றிவிட்டாள்.

நேற்று இரவு அவர் அழைத்தார். முதல் வாளியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதாம். இரண்டாவது வாளியில் எங்கள் தண்ணீரைப் பாதி கலந்து, சர்க்கரையும் போட்டு வைத்தபோது, அடி தெரியும் வரை குடித்ததாம்.